திரும்பும் பையின் எடை

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பைக் டாக்ஸிக்காரர் கொடுத்த மழைக்கோட்டில் எனக்கு முன்னால் ஏறியவரின் வியர்வை நாற்றம். அலுவலகம் 8.40. சாக்ஸ் நனைந்து நாள் முழுக்க நசநச.

சனி, ஞாயிறு விடாமல் ஓடிய டெஸ்ட்டில் 31 சிவப்பு, அதாவது 31 தோல்வி. காபி குடிக்கும் முன்பே மனசு கெட்டுவிட்டது.

மேனேஜர் பழனி அண்ணன் வந்ததும் வராததுமாக, “அமலி, ஒன்னோட டூல் என்ன செய்யுதுன்னு கிளையன்டுக்கு மூணு வரியில எழுதிக் குடு. அவுகளுக்குப் புரியணும், அதான் முக்கியம்” என்றார். காரைக்குடிப் பேச்சு. இந்த மாடியில் என்னைத் தமிழில் வேலை வாங்குபவர் இவர் ஒருவர்தான்.

எழுதிக் கொடுத்தது:

1. வியட்நாமின் வுங் டாவ் கரையிலிருந்து கடல் நடுவே உள்ள எண்ணெய் மேடைகளுக்கு ஹெலிகாப்டரில் யார் போவது, யார் திரும்புவது என்று பட்டியல் போடும் மென்பொருளை உருவாக்குவது இந்த டூல். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு இருக்கை. ஆளும் பையும் சேர்த்து 1200 கிலோ.

2. விதிகளை ஓர் அட்டவணையில் எழுதுகிறோம். அதைப் படித்து டூல் தானே நிரலை எழுதிவிடும். கையால் எழுதுவது இல்லை என்பதால் கைத்தவறும் இல்லை.

3. அதே அட்டவணையிலிருந்து டெஸ்ட்டும் தானே உருவாகும். ஆள், எடை, நாள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் போட்டு ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்க்கும்.

மூன்றாவது வரியை எழுதியபோது கொஞ்சம் பெருமைதான். எட்டு மாத உழைப்பு.

ப. அண்ணன் படித்துவிட்டு, “நல்லா இருக்குங்கிறேன். இது ஓடிருச்சுன்னா கையால டெஸ்ட் பண்ற பிள்ளைகளுக்கு இந்த மாசத்தோட சோலி முடிஞ்சிச்சு” என்றார்.

பிள்ளைகள் என்கிறார். நான் வந்தபோது ஆறு பேர் இருந்தார்கள். இப்போது மிச்சம் ஹான் ஒருத்திதான். 20ஆம் தேதியோடு அவள் ஒப்பந்தமும் முடிகிறது. நான் எழுதிய மூன்றாவது வரிதான் அவளை வீட்டுக்கு அனுப்பப் போகிறது.  ஆனாலும் மதியம் முழுத் தட்டும் சாப்பிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். ஏசி ரிப்பேர். எல்லோர் மேஜையிலும் குட்டி மின்விசிறி, தாளெல்லாம் பறக்கிறது.

31 சிவப்பில் முப்பது குப்பை. பெயரே இல்லாத ஆள். போவதற்கு முந்தின நாளே திரும்பி வந்த ஆள். என் டூல் கண்டபடி குலுக்கினால் இப்படித்தான் வரும், சரி. ஆனால் ஒன்று மட்டும் உதைத்தது. பட்டியலில் பன்னிரண்டு பேர் ஏற்றினால் பதினொரு பேர்தான் வெளியே வருகிறார்கள். எந்த எச்சரிக்கையும் இல்லை, ஒரு பெயர் காணவில்லை.

இதை மறுபடி வரவழைக்கப் பார்த்தால் வரவில்லை. குலுக்கலுக்கு ஒரு தொடக்க எண் உண்டு. அதைக் குறித்து வைத்தால் அதே குலுக்கலை அச்சு அசலாகத் திரும்ப ஓட்டலாம். குறித்து வைக்கச் சொல்லி டூலுக்கு நான்தான் கட்டளை எழுத வேண்டும். எழுத மறந்தவளும் நான்தான். அரை நாள் போச்சு. தலையை மேஜையில் முட்டிக்கொள்ளாத குறை.

டூலைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். மாலை 3.50க்கு மாட்டியது. தொடக்க எண் 40417. பெரிதாக எழுதி மானிட்டரில் ஒட்டியாகிவிட்டது. மாட்டிய கேஸை டூல் சுருக்கிச் சுருக்கி, எல்லோருக்கும் ஒரே எடையாக்கி, இதற்கு மேல் சிறிதாக முடியாது என்று கொடுத்தது: பன்னிரண்டு பேர், ஆளுக்கு 101 கிலோ.

நிரல் எழுதும் டூலின் உள்பகுதி க்வாங் பொறுப்பு. கெட்டிக்காரன், இருபத்தாறு வயது, காதில் எப்போதும் பாட்டு. ஒரு பக்கத்துக் காதுக்குமிழை மட்டும் கழற்றிவிட்டுக் கேட்டான்.

“பன்னிரண்டு பேரும் நூறு கிலோவுக்கு மேலயா? சுமோ கோஷ்டியா?”

“யாரா இருந்தாலும் ஒரு பேர் காணாமப் போகக் கூடாது இல்ல?”

“அப்படிப் பன்னிரண்டு பேரை இந்த ஊர்ல எனக்குக் காட்டுங்க. அன்னிக்கே திருத்தறேன்.” குமிழை மாட்டிக்கொண்டான்.

ஜூன் 11, புதன்

கூட்டம், 10 மணி. ஒன்றரை மணி நேரம். முடிவு: டெஸ்ட் “நடக்கக்கூடிய” எடைகளை மட்டும் குலுக்க வேண்டும். நான் கத்தினேன். கண்ணை மூடிக் குலுக்குவதன் பயனே நாம் நினைத்துப் பார்க்காததை அது நினைக்கும் என்பதுதான். நாம் நினைப்பதை மட்டும் குலுக்கச் சொன்னால் அதற்கு டூல் எதற்கு? க்வாங் ஜன்னலைப் பார்த்தான். ப. அண்ணன் தமிழுக்கு மாறினார். அவர் தமிழுக்கு மாறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

“எதுக்குங்கிறேன் இவ்வளவு யோசனை? கிளையன்டே குடுத்த கணக்கு, ஆளும் பையும் நூறுக்குள்ள. திங்கக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கிழமை ரிலீஸ். வியாழன் பத்தொம்பதுக்குள்ள எல்லாம் சரின்னு ஒன் கையெழுத்து எனக்கு வேணும்.”

போட்டுவிட்டேன். உச்ச எடை: 100. ஒரே ஒரு எண்ணை மாற்றினேன், எல்லாம் பச்சை.

பன்னிரண்டு பேர், ஆளுக்கு நூறு, மொத்தம் 1200. எல்லையைத் தாண்டவே முடியாது. அப்புறம் பச்சை வராமல் என்ன செய்யும்? எரிச்சல். சாயங்காலம் பென் தான் மெட்ரோ நிலையத்தில் ஒருவர் என் காலை மிதித்துவிட்டு என்னிடமே மன்னிப்பு எதிர்பார்த்தார்.

ஜூன் 12, வியாழன்

காலை ஹானோடு மாரியம்மன் கோயில். பென் தான் சந்தையிலிருந்து நடக்கும் தூரம். அவள்தான் கூட்டிப்போனாள். “இது உங்க அம்மன்தானே, நீங்க சொன்னா சீக்கிரம் காதுல விழும்” என்றாள். நான் காரைக்காலில் மாதா கோயில் பாடகர் குழுவில் வளர்ந்தவள் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தமிழச்சி என்றால் மாரியம்மனுக்குச் சொந்தம். அவள் கணக்கில் அவ்வளவுதான்.

நாங்கள் பேசுவது அரை இங்கிலீஷ், அரை வியட்நாமிய மொழி. அவள் என்னை “சி” என்பாள், அக்கா என்று. நான் “எம்”, தங்கை. இங்கே எழுதும்போது எல்லாம் தமிழாகிவிடுகிறது.

கோயிலில் பெரும்பாலும் இந்த ஊர்ப் பெண்கள்தான். பின்சுவரில் நெற்றியை ஒட்டி, கல்லுக்குக் காதில் சொல்வதுபோல் மெதுவாகச் சொல்கிறார்கள். ஹான் வெகு நேரம் சொன்னாள். எனக்கு முன்னால் நின்ற பெண் கைப்பேசியில் யாரிடமோ, “இரு, அம்மன்கிட்ட பேசிட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடு” என்றாள்.

வெளியே வந்ததும் ஹான் தானாகவே சொன்னாள்.

“இன்னும் ஒரு வருஷம் நீட்டிக் கொடுக்கணும்னு கேட்டேன், சி. எனக்கு முப்பத்தெட்டு. புரோகிராம் எழுதத் தெரியாது. இது போச்சுன்னா வுங் டாவ் போய் மாமியார் மீன் கடையில நிக்கணும். அவங்க கூட நாலு நாள் இருந்தாலே எனக்கு மூச்சு முட்டும்.”

என்ன கேட்டாய் என்று நான் கேட்கவே இல்லை. கேட்காமலே சொல்லிவிட்டாள்.  அம்மன் கேட்கும் என்றேன். அம்மனைக் கையெழுத்துப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்கிறார்கள்.

ஜூன் 13, வெள்ளி

பத்து லட்சம் ஓட்டம். சிவப்பு 0. ப. அண்ணன் மாடி முழுக்கப் பால் ஐஸ் காபி வரவழைத்தார். க்வாங் என் தோளைத் தட்டினான். ஹானும் கை தட்டினாள். அவள் கை தட்டியதைப் பார்க்க முடியவில்லை.

செய்ய வேண்டியவை: ஷாம்பு. விசா போட்டோ. தங்கச்சிக்குப் போன். குடை (போன வாரமே).

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. துணி காயவில்லை. வீட்டுக்காரம்மா மாடியில் கருவாடு வறுக்கிறார், ஊர் ஞாபகம் வரவில்லை, பசிதான் வந்தது.

ஜூன் 16, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

ஹானுக்கு இப்போது கொடுத்திருக்கும் வேலை, திரைகளில் எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பது. ஒப்புக்கு. 11 மணிவாக்கில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சி, திரும்பி வர்றவங்க எடையை எங்க போடணும்?”

“போட வேணாம். போகும்போது கரையில தராசுல ஏறினாங்க இல்ல, அந்த எடையே திரும்பவும் வரும். அட்டவணையில அப்படித்தான் இருக்கு.”

“பையோடவா?”

“பையோட.”

அவள் சிரித்தாள். கேலி இல்லை, தர்மசங்கடம் வந்தால் இந்த ஊரில் சிரிப்பார்கள்.

“எங்க அண்ணன் மேடையில சமையல்காரர். வேலை இல்லாத நேரம் எல்லாரும் விளக்கைக் காட்டிக் கணவாய் மீன் பிடிப்பாங்க. கம்பியில கட்டிக் காயப்போடுவாங்க, கொஞ்சம் ஐஸ்ல வைப்பாங்க. போறப்போ பையில ரெண்டு சட்டை. வர்றப்போ ரெண்டு கையாலயும் தூக்க முடியாது. மேடையிலயும் தராசு இருக்கு, சி. நிறுத்துத் தாள்ல எழுதுவாங்க. ஆனா நம்ம திரையில அதைப் போட இடமே இல்லை.”

 கிளையன்ட் கொடுத்த பழைய தாளில் எடை எழுத மேலிருந்து கீழாக ஒரே பத்திதான். நானும் அட்டவணையில் ஒரே பத்தி போட்டேன். அந்த அட்டவணையிலிருந்து நிரல் பிறந்தது. அதே அட்டவணையிலிருந்து டெஸ்ட்டும் பிறந்தது. நானே கேள்வித்தாள் எழுதி, நானே விடை எழுதி, நானே திருத்தி, நூற்றுக்கு நூறு போட்டு, அதற்கு ஐஸ் காபியும் குடித்திருக்கிறேன். பத்து லட்சம் இல்லை, பத்து கோடி ஓட்டினாலும் இது சிவப்பாகாது. டெஸ்ட்டுக்கும் அதே பொய்தானே தெரியும்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது வருடா வருடம் டான் சோன் நாட் விமான நிலையத்தில் என் பெட்டியின் கைப்பிடி பிய்ந்துகொண்டுதான் வந்திருக்கிறது. போகும் பையும் வரும் பையும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியாதா? கடலோரத்துக்காரி. வெட்கமாக இருக்கிறது.

ப. அண்ணனிடம் ஓடினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்தார்.

“ஒரு பத்தி சேக்கணும், அவ்வளவுதானே? கையால எழுதினதுன்னா நாப்பது திரையையும் மாத்தணும், ஒரு மாசம் ஆகும். ஒன் டூலுக்கு எவ்வளவு நேரம்?”

“பத்து நிமிஷம், அண்ணே.”

“பாத்தியா? இதைத்தான் நான் கிளையன்டுகிட்ட விக்கிறேன்.”

உண்மையிலேயே பத்து நிமிடம்தான் ஆனது. அதற்குக் கூடக் கோபம் வந்தது.

ஜூன் 17, செவ்வாய்

இடி. அலுவலகத்தில் இரண்டு தடவை மின்சாரம் போனது.

புதுப் பத்தியோடு டெஸ்ட். திரும்பும் பை 0 முதல் 30 கிலோ வரை குலுக்கச் சொன்னேன். இரண்டாவது நிமிடமே சிவப்பு. டூல் சுருக்கிக் கொடுத்தது: பன்னிரண்டு பேர், ஆளுக்கு 71 கிலோ, பை 30. வெளியே வந்த பட்டியலில் பதினொரு பேர்.

அதே ஆள். மானிட்டரில் 40417 என்று ஒட்டி வைத்திருக்கிறேனே, அதே காணாமல் போன ஆள்தான். மொத்தம் 1200ஐத் தாண்டினால் நிரல் கடைசிப் பெயரை உருவிவிடுகிறது. அதோடு போகவில்லை. அன்றைய கடைசி ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டால் மேடையில் காத்திருப்போர் பட்டியலில் இல்லாதவர்கள் எல்லோரும் கரைக்கு வந்துவிட்டதாகப் பதிவு செய்கிறது. கடல் நடுவே ஒருவர் பையோடு நின்றுகொண்டிருப்பார். கணினியில் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

போன புதன் ஒரு எண்ணை மாற்றி நான் மறைத்து வைத்தது இதைத்தான்.

க்வாங்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு குமிழையும் கழற்றினான்.

“உன் எடை என்ன?”

“எழுபத்திரண்டு.” கொஞ்சம் கழித்து, “நான் சுமோ இல்லை” என்றான். மதியம் சாப்பிடப் போகாமல் திருத்தினான். டூலின் ஓரிடத்தில் திருத்தினதும் நாற்பது திரைக்கும் ஒரே அடியில் சரியாகிவிட்டது. உச்ச எடையை எடுத்துவிட்டு, 40417ஐயும் ஓட்டினேன். பன்னிரண்டு பேரும் வந்தார்கள். அவன் பதற்றத்தைப் பார்த்தபின் அவன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. என் மேல் இருப்பது போகவில்லை.

ஜூன் 18, புதன்

அறிக்கை எழுதினேன். நாலு பக்கம். இரண்டாம் பக்கத்தில்: “திரும்பும் எடை விடுபட்டதைக் கண்டுபிடித்தவர் டெஸ்டர் ஹான். தானியங்கி டெஸ்ட்டால் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.”

மதியம் ப. அண்ணன் திருத்தி அனுப்பியது: “தானியங்கி டெஸ்ட் இரண்டே நிமிடத்தில் ஆபத்தான தவறு ஒன்றைக் கண்டுபிடித்தது.”

அவர் அறைக்குப் போனேன்.

“அண்ணே, ஹான் பேரு எங்க?”

“பொய் ஏதாச்சும் எழுதியிருக்கேனா? ரெண்டு நிமிஷம்னு நீதான சொன்ன?”

“அவ சொன்னதுக்கு அப்புறம் ரெண்டு நிமிஷம்.”

“கிளையன்ட் வாங்குறது டூலை. ஹானை இல்ல. மனுஷி சொல்லித்தான் தெரிஞ்சுச்சுன்னு போட்டா, அப்புறம் டூல் எதுக்குன்னு கேப்பாக. நல்ல பிள்ளைதான், நான் இல்லைங்கலை. ஆனா திரை பாக்குறதுக்கு ஒரு ஆளை வருஷம் பூரா வச்சிக்க முடியுமா, நீயே சொல்லு.”

நீயே சொல்லு என்றால் சொல்லக் கூடாது என்று பொருள். என் மேஜைக்குத் திரும்பினேன்.

என்ன கொடுமை என்றால், ஹான் வாயைத் திறந்திருக்காவிட்டால் திங்கட்கிழமை ரிலீஸ், ஒரு மாதத்தில் எவனாவது கடலில் மாட்டிக்கொள்வான், டூலை எல்லோரும் காறித் துப்பியிருப்பார்கள், அவளை மறுபடி கூப்பிட்டிருப்பார்கள். அவள் உதவியால் டூல் பிரமாதமாகிவிட்டது. அதனால் அவள் வேண்டாம்.

ஜூன் 19, வியாழன்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். 4.15.

காரணங்கள்: பத்து லட்சம் ஓட்டம் பச்சை. என் வேலை பெர்மிட் புதுப்பிக்கும் தாள் ப. அண்ணன் மேஜையில் இருக்கிறது. களைப்பு. இவற்றில் முதலாவதை மட்டும் எழுதி நிறுத்தலாம் என்று பார்த்தேன், இது என் நாட்குறிப்புதானே, யாருக்கு நடிக்க வேண்டும்.

லிஃப்டில் மனிதவளப் பெண்கள் இருவர். “நாளைக்கு ஹானுக்குக் கேக் வாங்கணுமா, பூவா?” “பூ போதும். ஏழு பேர்தான் பணம் போட்டிருக்காங்க.”

வீட்டுக்கு வந்து தலைவலி மாத்திரை. ஷாம்பு இன்னும் வாங்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மழை இல்லை, புழுக்கம்.

ஹானுக்கு மஞ்சள் பூங்கொத்து. போட்டோ எடுத்தார்கள். ப. அண்ணன் நல்லபடியாகப் பேசினார், உண்மையிலேயே நன்றாகப் பேசினார். க்வாங் தன் பேச்சில் கணவாய் விஷயத்தை எல்லோர் முன்னாலும் சொன்னான். அவனுக்கு இருக்கும் தைரியம் எனக்கு இல்லை.

5 மணிக்கு அவள் மேஜையைக் காலி செய்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. பழக்க தோஷம்.

“எம், அந்தக் கணவாய் மாதிரி இன்னும் ஏதாவது இருக்கா? அட்டவணையில இல்லாதது?”

ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டே தலையசைத்தாள்.

“இருக்கு, சி. நிறைய.”

“நிறையன்னா?”

“நாலு வருஷமா எங்க அண்ணன், அவர் கூட்டாளிங்க எல்லாம் வீட்டுக்கு வந்தா இதைத்தான் பேசுவாங்க. அவங்க அங்க எப்படிச் செய்யறாங்கன்னு எனக்குத் தெரியும். தாள்ல இருக்கற மாதிரி இல்லை.”

“ஏன் சொல்லலை?”

கோபமே இல்லாமல் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

“ஒண்ணு சொன்னேனே. பத்து நிமிஷத்துல சேர்த்துட்டீங்க.” பூங்கொத்தைக் கையில் எடுத்தாள். “எல்லாமே பத்து நிமிஷம்தான், சி.”

என் கையை ஒரு தடவை பிடித்து விட்டுவிட்டுப் படியில் இறங்கினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

5.40 வரை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். திரையில் டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை, பச்சை, பச்சை.

5.45. மெயில். ப. அண்ணனுக்கு, கிளையன்டுக்கும் நகல். “நேற்று நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். திங்கட்கிழமை ரிலீஸ் கூடாது. காரணம்: இந்த மென்பொருளில் எது இல்லை என்று தெரிந்தவர் எங்கள் அலுவலகத்தில் ஒருவர்தான். அவர் 5.10க்குக் கிளம்பிவிட்டார்.”

இரண்டு தடவை படித்தேன். எழுத்துப்பிழை ஒன்று திருத்தினேன். அனுப்பிவிட்டேன்.

ப. அண்ணன் கூப்பிடுகிறார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிடுகிறார். எடுத்தால் முதலில் என்ன கேட்பார் என்று தெரியும்: எத்தனை இருக்கு, என்னென்ன?

எனக்குத் தெரியாது.